ஏழாம் நம்பர் கேன்

பிள்ளைகளே, உங்கள் அப்பா நான் ஏன் டிஸ்பென்சரி வேலையை விட்டுவிட்டு றப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். இதில் உங்கள் பெரிய மாமாவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். அவர் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எழுத உட்கார்ந்ததும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன். ஐந்து லீற்றர் பிடிக்கும். நீல மூடி, பக்கத்தில் கைப்பிடி. வயிற்றில் ஒட்டிய கடதாசியில் 7 என்று மையால் எழுதியிருக்கும். அடியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றி வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் அந்த வாசம் மூக்கில் ஏறும். றப்பர் தோட்டத்து ஆட்களுக்கு ஆசிட் புதிது இல்லை, ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றுவதுதானே. ஆனால் கேனில் இருந்தது எதையும் உறைய வைக்க இல்லை. கேனுக்குள் சேரும் ஒரு சாமான் காற்றோடு பறந்து போய்விடாமல் பிடித்து வைக்க.

அந்தச் சாமானுக்கு அமீன் என்று பேர். தோட்டத்தைக் கம்பனிக்காரர்கள் எடுத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு வேனில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பேசியதெல்லாம் ஒரு சிங்களப் பெண்மணி. கண்ணாடி போட்டவர், சப்பாத்துக் காலோடு சேற்றில் இறங்கி நடந்தவர். நாங்கள் அவரை லேப் நோனா என்றோம். அவர் சொன்னதை எங்கள் தோட்டத்து வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிஸ்பென்சரி ஐயா தமிழில் எடுத்துச் சொன்னார். மனுஷனின் மூத்திரத்தில் இந்த அமீன் வகைகள் இயற்கையாகவே கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதன் அளவு மாறுகிறது. ஆனால் நல்ல சுகத்தோடு இருக்கிறவனுக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்று தெரியாமல், நோயாளியைப் பார்த்துக் கூட என்றோ குறைவு என்றோ எப்படிச் சொல்வது? அதனால் அவர்கள் தேடி வந்தது நோயாளிகளை இல்லை, திடகாத்திரமானவர்களை. நோய் இல்லாத ஆட்களைத் தேடி எங்கள் டிஸ்பென்சரிக்கு ஒரு வாகனம் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் அங்கே ஐயாவுக்குக் கை உதவி. புண் கழுவுவேன், போத்தல் கழுவுவேன், வந்தவர்களின் பேர் எழுதுவேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருந்ததால் அந்த இடம் கிடைத்தது, ஆனால் நிரந்தரமாகவில்லை. கேன் கொடுக்கிற வேலையும் திரும்ப வாங்குகிற வேலையும் என்னிடம் வந்தபோது, இதை ஒழுங்காகச் செய்தால் தோட்டத்துத் துரையிடம் உன் பேரைச் சொல்கிறேன் என்று ஐயா சொல்லியிருந்தார். மகள் அப்போது கைக்குழந்தை. தம்பி பிறக்கவே இல்லை. உங்கள் அம்மா என் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டு, லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பார்க்கிற கயிற்றில்தான் காயப்போடுவாள்.

இருபது பேரைத் தெரிவு செய்தார்கள். முதல் ஆளாகக் கூப்பிடப்பட்டவர் உங்கள் பெரிய மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். தடிமன் காய்ச்சல் என்றுகூட டிஸ்பென்சரிப் படியை மிதிக்காதவர். விடிகிற நேரத்தில் மலைக்குப் போய் மற்றவர்கள் பாதி மரம் வெட்டுவதற்குள் தன் பங்கு முழுவதும் வெட்டிவிட்டு, மரத்தில் சாய்ந்து அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். என்னைக் கண்டால் அந்தச் சிரிப்பு இன்னும் கூடும். வெள்ளைச் சட்டை போட்ட தங்கச்சி புருஷன் என்றால் அவருக்கு ஒரே விளையாட்டு.

விதிகளை நோனா இரண்டு தடவை சொன்னார். காலையில் முதல் மூத்திரத்தை வெளியே விடவேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் மூத்திரம் வரைக்கும் ஒரு துளி சிந்தாமல் கேனுக்குள் சேர்க்கவேண்டும். தண்ணீர் கலக்கக் கூடாது. அதற்கு முந்தின மூன்று நாளும், கேன் நாளிலும் மீன் தொடக்கூடாது. கருவாடு, நெத்தலி, சம்பலில் இடிக்கிற மாசி எதுவுமே கூடாது. மீனைச் சாப்பிட்டால் இந்த அமீன் ஏறிவிடும். இதைக் கேட்டதும் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். கருவாடு இல்லாமல் நாலு நாள் சோறு எப்படி இறங்கும் என்று ஒருவர் முனகினார். பின்னால் நின்ற ஒரு பெண், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நோம் எத்தனை லீற்றருங்க ஐயா? கொறஞ்சா அரைப்பேரா?" என்று கேட்டாள். ஒரு நாள் முழுப் பேர், அதாவது முழுச் சம்பளம், விழ எவ்வளவு பால் கொண்டுவர வேண்டுமோ அதுதான் நோம். எங்களுக்கு வாளி கொடுத்தால் நோமும் இருக்கும். ஐயா அதை நோனாவுக்கு விளக்க, நோனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆனால் ஆட்களுக்குச் சந்தேகம் போகவில்லை. கேன் குறைந்திருந்தால் வெட்கம் என்ற நினைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது.

பெரிய மாமா கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். வழியில் என்னைக் கூப்பிட்டு, "மரத்துக்கும் எனக்கும் ஒண்ணுதான் மச்சான். ரெண்டு பேருக்கும் வடியுறதப் பிடிக்கச் செரட்டை கட்டிட்டாங்க," என்றார்.

மறுநாள் காலையில் நல்ல மழை. எட்டு மணிக்கு வேன் வரும். இருபது கேனையும் டிஸ்பென்சரி விறாந்தையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐயா இன்னும் வரவில்லை. ஏழாம் நம்பரைக் கைப்பிடியில் பிடிக்காமல் மூடியில் பிடித்துத் தூக்கினேன். மாமா மூடியைச் சரியாகத் திருகியிருக்கவில்லை, அல்லது நான் பார்க்கவில்லை. மூடி என் கையில் இருந்தது, கேன் படியில் விழுந்து உருண்டது. நிமிர்த்தியபோது அடியில் ஒரு விரற்கடை கூட மிச்சமில்லை. ஒரு மனுஷன் ஒரு பகலும் ஒரு இரவும் மலையிலும் வீட்டிலும் சுமந்து சேர்த்தது மழைத்தண்ணி வடிகிற காணுக்குள் ஓடியது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ஐயா துரையிடம் என் பேரைச் சொல்லமாட்டார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் பின்னால் போனேன். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததை அதற்குள் விட்டேன். அது போதவில்லை. முன்பு எந்த மட்டத்தில் இருந்தது என்று எனக்கு நினைவிருந்தது. அந்த மட்டம் வரும்வரை குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். பால் வெட்டுகிறவன் நோம் காணாத நாளில் ஓடைத் தண்ணீரை வாளியில் ஊற்றுவது போலத்தான். ஸ்டோரில் அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்க விடுவார்கள். அதை ஆயிரம் தடவை பார்த்தவன் நான். மூத்திரத்துக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூடியைத் திருகித் துடைத்து ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வைத்தேன். நோனா வந்து எண்ணிப் பார்த்து, "ஹொந்தாய்," என்று என் தோளைத் தட்டினார். நல்லது என்று அர்த்தம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஐயாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. ஏழாம் நம்பரில் ஒரு வகை அமீன் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடி இருக்கிறது, இருக்கவேண்டிய இன்னொன்று மிகவும் குறைந்து இருக்கிறது, அந்த ஆளைத் திரும்பப் பரிசோதிக்க இரண்டு வாரத்தில் வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஐயா மாமாவைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, சும்மா இன்னொரு தடவை பார்க்கிறார்கள் என்றார். மாமா தலையை ஆட்டினார். ஆனால் அவருடைய அப்பா கால் வீங்கி, முகம் வீங்கி, மூத்திரம் நின்று செத்தவர். கொழும்பிலிருந்து கடிதம் போட்டுச் சொல்கிறார்கள் என்றால் அது சும்மாவா? இருபது பேரில் தனக்கு மட்டும் என்றால் அது சும்மாவா? வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கேலி பண்ணவில்லை. "எங்கப்பனுக்கு வந்ததுதான் மச்சான்," என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கேனில் இருந்தது என்னுடையது. நோய் என்று ஒன்று இருந்தால் அது எனக்குத்தான்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாளை நான் எப்படி எழுதுவது? வேலை போய்விடும் என்ற பயம் சின்னதாகிப் போய்விட்டது. விடிந்ததும் காலை நீட்டி முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன், பள்ளம் விழுகிறதா என்று. கண் இமை தடித்திருக்கிறதா என்று சவரக் கண்ணாடியில் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை மூத்திரம் போகும்போதும் குனிந்து நிறத்தைப் பார்ப்பேன், நுரையைப் பார்ப்பேன். இரண்டு நாள் ஒரு மருந்துப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். ஐயாவின் அலுமாரியில் இருந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கூட்ட முடிந்தது, அர்த்தம் புரியவில்லை. சிறுநீரகத்தின் படம் மட்டும் அவரைவிதை மாதிரி இருந்தது. உங்கள் அம்மா கேட்டாள், ஏன் இப்படி இளைச்சுப் போறீங்க என்று. அதைக் கேட்டு இன்னும் பயந்தேன். நான் வாய் திறக்காத வரைக்கும் நோய் பெரிய மாமாவிடமே இருந்தது. திறந்தால் என்னிடம் வந்துவிடும். இவ்வளவு கேவலமாக ஒரு மனுஷன் யோசிப்பானா என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன்.

மாமா தன் வழியில் காரியங்களைப் பார்க்கத் தொடங்கினார். வேலைக்குப் போவதைக் குறைத்தார். அவருடைய மூத்த மகள், உங்கள் மதினி, அந்த வருஷம் ஓ/எல் எழுத இருந்தாள். எங்கள் லயத்திலிருந்து அதுவரை யாரும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை. புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் அத்தைக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் இருந்தான், ஸ்டோரில் வேலை. தான் கண்ணை மூடுவதற்குள் மகளை ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மாமா ஆள் அனுப்பினார். அவர்களும் சம்மதித்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. மதினி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் உங்கள் அம்மாவிடம் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். வயது பதினாறு.

வியாழக்கிழமை பின்னேரம் மாமா ஒரு கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு நம் லயத்துக் காம்பராவுக்கு வந்தார். என் எழுத்து வடிவாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதித்தரச் சொன்னார். மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திக்கொள்கிறோம் என்று. நான் திகதி போட்டேன். அதிபர் ஐயா அவர்களுக்கு என்று எழுதினேன். என்ன காரணம் போடுவது என்று கேட்டேன்.

"எனக்கு வருத்தம், சீக்குன்னு போடு. வேற என்னத்தப் போடுறது?" என்றார்.

எனக்குக் கடுமையான வருத்தம் இருப்பதனால் என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்தேன். எனக்கு என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு மேல் பேனை ஓடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, மழை, காண், டிஸ்பென்சரிப் பின்பக்கம், குழாய்த் தண்ணீர், எதையும் விடாமல் சொன்னேன். உங்கள் அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் கையிரண்டையும் விரித்துப் பார்த்தார், ஏதோ அவை திரும்பக் கிடைத்தவை போல. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மச்சான். இந்தப் பன்னெண்டு நாளும் நீ பயந்தது எனக்கா, ஒனக்கா?"

அவர் அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம மாப்பிள வீட்டுக்கு நான் போக மாட்டேன். நீ போ. எனக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லு. மழயையும் விட்றாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நோனா வருகிற நாள். ஐயாவும் நோனாவும் சேர்ந்திருக்கும்போது சொன்னேன். ஐயாவின் முகம் கறுத்தது. பத்து வருஷமாக இந்த ஆட்களிடம் சம்பாதித்த நம்பிக்கையை ஒரு காலையில் காணுக்குள் ஊற்றிவிட்டாய் என்றார். அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்றார். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நோனா கோபப்படவில்லை. தண்ணீர் கலந்தது தெரியும், ஏழாம் நம்பர்க்காரர்தான் நோமுக்குப் பயந்து ஊற்றியிருப்பார் என்று நினைத்தோம் என்றார். பிறகு, அந்த நாட்களில் நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் யோசித்தேன். நான் அந்த இருபது பேரில் ஒருவன் இல்லை, எனக்கு விரதமும் இல்லை. முந்தின நாள் பகல் நெத்தலி. அன்று இரவு கருவாட்டுக் குழம்பு, இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டது. அதைக் கேட்டு நோனா பேனையைக் கீழே வைத்தார். குறைந்தது தண்ணீரால், கூடியது மீனாகத்தான் இருக்கும் என்றார். "பய வென்ன எப்பா," பயப்படாதே என்றார். ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, நாலு நாள் மீனைத் தொடாமல் நீயும் ஒரு கேன் கொடு என்று, கையோடு ஒரு புதுக் கேனைத் தந்தார். முடிவு வர ஒரு மாதமாகும். இருக்கும் என்ற அந்த ஒரு சொல்லில் நான் தொங்கிக்கொண்டு நின்றேன்.

அந்த முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேடி முன்னால் புரட்ட வேண்டாம். ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. மாமாவும் திரும்ப ஒரு கேன் கொடுத்தார், அவருக்கும் ஒன்றுமில்லை. இரண்டு பேரையும் அவர்கள் சுகமானவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி. மதினி இன்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும், அவளிடம்தானே நீங்கள் இரண்டு பேரும் கணக்குப் படித்தீர்கள். மாமா என்னோடு பேச ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் போயிற்று. இப்போது பேசுகிறார், கேலியும் பண்ணுகிறார். நான் பால் வெட்டக் கற்றுக்கொண்டதே அவர் பக்கத்து மரங்களில்தான். ஆனால் மச்சான் என்று சொல்வதற்கு முன்னால் கண்மூடித் திறக்கிற நேரம் ஒரு சின்ன நிறுத்தம் வருகிறது. முன்பு அது இல்லை. வேறு யாருக்கும் அது கேட்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். முடிவு எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. பாய் விரித்து, ஆட்கள் கூடி, வெற்றிலைத் தட்டு வைத்திருந்தார்கள். வந்தது நான் ஒருவன் மட்டும் என்று கண்டதும் எல்லோரும் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்கள். பையனின் அப்பா பெரிய மனுஷர், அமைதியானவர். உட்காரச் சொல்லி வெறும் தேத்தண்ணி கொடுத்தார். நான் சொன்னேன், மழையையும் சேர்த்து. உள்ளே பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அப்ப அது ஒங்க மூத்திரம்," என்றார் அவர்.

"ஆமாங்க."

"ஒங்க மூத்திரத்த நம்பித்தான் நாங்க நாள் பாத்திருக்கோம்."

அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பையன்கூடச் சிரித்தான். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் இன்னொரு கோப்பை ஊற்றச் சொன்னார். பொண்ணு படிக்கட்டும், ஆனா நாங்க காத்திட்டு இருக்க ஏலாது, எங்க பையனுக்கு வேற எடம் பாப்போம், அதைத் தப்பா எடுக்க வேணாம்னு பொண்ணோட அப்பாகிட்ட சொல்லுங்க என்றார். சொல்கிறேன் என்றேன். அந்த இரண்டாவது கோப்பையையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். விட்டுவிட்டு வருவது மரியாதை இல்லை.

பஸ் இல்லை. குறுக்குப் பாதையால் றப்பர் மலைக்குள் இறங்கி நடந்தேன். மழை விட்டிருந்தது, இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மலையில் ஒரு ஆள் இல்லை. பாதி தூரம் வந்ததும் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியும் தாங்கவில்லை. பாதையை விட்டு இறங்கி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். பன்னிரண்டு நாள் பழக்கம், தலை தானாகக் குனியப் பார்த்தது. நான் மேலே மரத்தின் கிளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முடிந்த பிறகும் கீழே பார்க்கவில்லை. சாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு நேராகப் பாதைக்கு ஏறினேன்.